629001-ஐ கையாலயே பிரிச்சு மேயுறது எப்படி: பெரிய எண்ணோட குணங்களைக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

நாகர்கோவில் தலைமைத் தபால் ஆபீஸ் பின்கோடு 629001. இந்த எண் எதால வகுபடும், காரணி எத்தனை, அதுங்களோட கூட்டுத்தொகை என்ன, வர்க்கமா இல்லையான்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதியே கண்டுபிடிக்கப் போறோம், கடைசில இதையே 12 இலக்க எண்ணா நீட்டி அதையும் உடைக்கப் போறோம். சாயங்காலம் எங்க வீட்டு வராந்தாவுல குரூப் 4க்குப் படிக்கிற பிள்ளைங்களோட உக்காந்து போடுற கணக்குதான் இது. எந்த இடத்துல தட்டுதுன்னு பாத்துப் பாத்து, வரிசையை மாத்தி மாத்தி இப்ப ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு. அதனால படிகளைத் தாண்டிப் போகாதீங்க, முக்கால்வாசி தப்பு தாண்டுறதுலதான் வருது.

1. உக்காருறதுக்கு முன்ன என்ன வேணும்

கட்டம் போட்ட நோட்டு ஒண்ணு. கோடு போட்ட நோட்டுல இலக்கம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நேரா நிக்காது, வகுத்தல்ல பாதித் தப்பு அங்கயே வந்துடும்.

300 வரைக்கும் உள்ள பகா எண் பட்டியல், மொத்தம் 62 எண்தான். ஒரு தடவை உக்காந்து எழுதி நோட்டோட முதல் பக்கத்துல ஒட்டி வச்சுக்கிடுங்க. மனப்பாடமா சொல்றேன்னு போறவங்க 91ஐயும் 119ஐயும் 133ஐயும் பகா எண்ணுன்னு சேத்துருவாங்க. 91 = 7 × 13, 119 = 7 × 17. 133 = 7 × 19, நம்ம வள்ளுவர் சிலையோட அடிக்கணக்கு.

போன் கால்குலேட்டர் இருக்கலாம், ஆனா அது மீதி காட்டாது, புள்ளி வச்ச எண்தான் காட்டும். 69889ஐ 29ஆல வகுத்தா 2409.9655னு வரும், அதைப் பாத்ததும் "அண்ணே 2410, வகுபடுது"ன்னு ஒரு பையன் கத்துவான், எல்லா பேட்ச்லயும் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். புள்ளிக்கு முன்னாடி உள்ளதை மட்டும் எடுத்து, 2409 × 29 = 69861, அதை 69889ல கழிச்சா 28. இதுதான் மீதி. மீதி சைபரா இல்லன்னா வகுபடல, அவ்வளவுதான்.

2. எண்ணை ரெண்டு மாதிரி எழுதுங்க

6,29,001 ஒண்ணு, 629 | 001 இன்னொண்ணு. முதல்ல உள்ளது வாயால சொல்றதுக்கு. ரெண்டாவது மூணு மூணு இலக்கமா வெட்டினது, அதுதான் நமக்கு வேலைக்கு ஆகும். வெட்டுறது எப்பவும் வலது பக்கத்துல இருந்து. இடது பக்கத்துல இருந்து வெட்டினா 6 இலக்க எண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனா 7, 8 இலக்கம் வந்ததும் எல்லாம் கோணலாயிடும்.

3. கடைசி இலக்கம், இலக்கக் கூட்டல்

கடைசில 1. அப்ப 2ம் இல்ல 5ம் இல்ல. ஒரு செகண்ட் வேலை.

இலக்கக் கூட்டல் 6+2+9+0+0+1 = 18. அப்ப 9ஆல வகுபடும்.

வகுபடும்னு தெரிஞ்ச உடனே வகுத்துடணும், "பிறவு பாத்துக்கலாம்"னு வைக்கக் கூடாது. 629001 ÷ 9 = 69889. இனிமே நம்ம வேலை எல்லாம் 69889 மேலதான், எண் சின்னதாக ஆக தேட வேண்டிய எல்லையும் சின்னதாகும். 69889க்கு மறுபடி இலக்கக் கூட்டல் போடுங்க: 40. 3ஆல வகுபடல, 3ஓட கதை முடிஞ்சுது. இந்த மறுபடி பாக்குறதை விட்டுட்டா 27, 81 மாதிரி அடுக்கெல்லாம் கண்ணுல படாமலே போயிடும்.

4. 7, 11, 13: ஒரே கழித்தல்ல மூணு பரீட்சை

7 × 11 × 13 = 1001. 1000ங்கிறது அதுல ஒண்ணு கம்மி. அதனால 629 | 001ல பின் துண்டுல இருந்து முன் துண்டைக் கழிச்சா, மூணு எண்ணுக்கும் மீதி கணக்கு அதுலயே கெடச்சிடும்: 1 − 629 = −628.

628ஐ 7ஆல வகுத்தா மீதி 5, 11ஆல 1, 13ஆல 4. எதுவும் சைபர் இல்ல, மூணும் வெளிய.

வகுபடுமான்னு மட்டும் பாக்க கழித்தல் குறியைக் கண்டுக்க வேண்டாம். ஆனா மீதி என்னன்னு வேணும்னா குறி முக்கியம். −628க்கு 11ஆல மீதி 1 இல்ல, 11 − 1 = 10. இந்த 10ஐ நோட்டு ஓரத்துல வட்டம் போட்டு வச்சுக்கிடுங்க, 7ஆவது படில இதுதான் நம்மளைக் காப்பாத்தும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கு. 629 = 17 × 37. அதனால 629ல ஆரம்பிக்கிற எந்தப் பின்கோடா இருந்தாலும் 17, 37 ரெண்டுக்கும் கடைசி மூணு இலக்கத்தை மட்டும் வகுத்துப் பாத்தா போதும். 001க்கு மீதி 1தான், ரெண்டு வகுத்தல் மிச்சம். இதை நான் கண்டுபிடிச்ச அன்னைக்கு சந்தோஷத்துல ஒரு சாயா கூடக் குடிச்சேன்.

5. எல்லையை முதல்ல எழுதிட்டுத்தான் வகுக்கணும்

69889ஓட வர்க்கமூலம் எவ்வளவு? 264 × 264 = 69696, 265 × 265 = 70225. அப்ப எல்லை 264. ஒரு எண் ரெண்டா உடையுதுன்னா ரெண்டு துண்டும் வர்க்கமூலத்தை விடப் பெருசா இருக்க முடியாது, ஒண்ணாவது அதுக்குள்ள அடங்கும், அதனால 264 தாண்டித் தேட வேண்டாம். இதை நோட்டு மேல பெருசா எழுதுங்க, எழுதாதவங்க 31லயோ 50லயோ அலுத்துப் போய் "பகா எண்"ணுன்னு முடிச்சிடுவாங்க.

இப்ப மிச்சம் இருக்கிற பகா எண்களை வரிசையா போடுறோம், 17ம் 37ம் ஏற்கனவே போயாச்சு:

19, மீதி 7.
23, மீதி 15.
29, மீதி 28 (அந்த 2410 ஆசாமி).
31, மீதி 15.
41, மீதி 25.
43, மீதி 14.
47, மீதி சைபர். 69889 = 47 × 1487.

இங்கதான் எல்லாரும் ஒரு வேலையை வீணா செய்றாங்க. 1487 பகா எண்ணான்னு பாக்க மறுபடி 7, 11, 13னு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. வேண்டாம் மக்கா. 47ஐ விடச் சின்ன எதுவும் 69889ஐ வகுக்கலன்னு இப்பதான பாத்தோம், அதை வகுக்காதது அதோட துண்டான 1487ஐ மட்டும் எப்படி வகுக்கும்? 1487 உடையணும்னா அதோட சின்னத் துண்டு 47ஆவது இருக்கணும், 47 × 47 = 2209, அது 1487ஐத் தாண்டிப் போயிருச்சு. அதனால பேசாம 1487 பகா எண்ணுன்னு எழுதிடலாம்.

629001 = 3² × 47 × 1487.

6. வகுத்தல் நீண்டுகிட்டே போனா: குளச்சல் கணக்கு

குளச்சல் பின்கோடு 629251. இதை ஏன் தனியா எடுக்கேன்னா, இதுலதான் நல்லா படிக்கிற பிள்ளைங்களே விழுறாங்க. 251 − 629 = −378, 378 = 7 × 54, அப்ப 7 வகுக்கும். 629251 ÷ 7 = 89893. எல்லை 299, 300 × 300 = 90000 ஆயிடுதே.

இப்ப 11, 13, 17னு போனா ஒண்ணும் சிக்காது. 50 தாண்டியும் ஒண்ணும் இல்ல, 100 தாண்டியும் ஒண்ணும் இல்ல, 200 தாண்டியும் இல்ல. நூறுலயே முக்கால்வாசிப் பேரு பேனாவை மூடி வச்சிடுவாங்க. ஆனா 241ல வகுபடும், அது 53ஆவது பகா எண். அத்தனை வகுத்தலுக்கு யாருக்குப் பொறுமை இருக்கு?

இதுக்கு வேற வழி இருக்கு. எண்ணை ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசமா எழுத முடிஞ்சா அது தானா உடையும், a² − b² = (a − b)(a + b)னு எட்டாங்கிளாஸ்ல படிச்சதுதான். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா வர்க்கம் போட்டு, 89893ஐக் கழிச்சு, மிச்சம் வர்க்கமான்னு பாருங்க.

300: மிச்சம் 107, கடைசி 7, வர்க்கம் 7ல முடியாது.
301: 708. 8லயும் முடியாது.
302: 1311. ஒத்தைப்படை வர்க்கத்தை 4ஆல வகுத்தா மீதி 1தான் வரும், இதுக்கு 3 வருது, இல்ல.
303: 1916. 43க்கும் 44க்கும் நடுவுல மாட்டுது, இல்ல.
304: 2523, 305: 3132, 306: 3743. 2, 3ல முடியுறது எல்லாம் பாக்காமலே தள்ளுங்க.
307: 4356. இது 66 × 66.

அப்ப 307 − 66 = 241, 307 + 66 = 373. எட்டே முயற்சி. ரெண்டும் பகா எண், 629251 = 7 × 241 × 373.

இது எல்லா இடத்துலயும் ஓடாது. ரெண்டு துண்டும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்துல இருந்தா மட்டும்தான் சீக்கிரம் வரும். நம்ம 69889க்கு இதே வழில போனா 265ல ஆரம்பிச்சு 767 வரைக்கும் போகணும், அஞ்சு நூறுக்கு மேல முயற்சி. அதனால என் பழக்கம் என்னன்னா, முதல்ல 50 வரைக்கும் பகா எண்ணால வகுத்துப் பாப்பேன், சிக்கலன்னா வர்க்க வழில ஒரு பத்து தடவை, அதுலயும் இல்லன்னா திரும்ப 53ல இருந்து வகுத்தல்.

7. சரிபார்க்கிறது: 9 வச்சுப் பாக்காதீங்க, 11 வச்சுப் பாருங்க

பள்ளிக்கூடத்துல இலக்கக் கூட்டல் வச்சுச் சரிபார்க்கச் சொல்லித் தருவாங்க. நம்ம கணக்குல அது குருடு. ஏன்னா காரணிகள்ல 9 இருக்கு, மத்த எண் எதைத் தப்பா எழுதினாலும் பெருக்கல் 9ஆல வகுபடத்தான் செய்யும், சரின்னுதான் காட்டும். நானே ஒருநாள் போர்டுல 1487க்குப் பதிலா 1478னு எழுதிட்டு, இலக்கக் கூட்டல் ஒத்து வருதுன்னு அரை மணி நேரம் அதை வச்சே எல்லாக் கணக்கும் போட்டேன், பின் பெஞ்ச்ல இருந்த ஒரு பிள்ளை "1478 ரெட்டைப்படைல்லா சார்"னு கேட்டப்புறம்தான் வெளங்குச்சு.

11 வச்சுப் பாருங்க. 47க்கு மீதி 3, 1487க்கு மீதி 2. 9 × 3 × 2 = 54, அதுக்கு மீதி 10. நாலாவது படில வட்டம் போட்ட 10தான். ஒத்துப் போச்சு. 1478க்கு மீதி 4, 9 × 3 × 4 = 108, மீதி 9. மாட்டிக்கிச்சு. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினா 9 ஒருநாளும் கண்டுபிடிக்காது, 11 கண்டிப்பா பிடிச்சிடும்.

8. காரணிகள் எத்தனை, கூட்டுத்தொகை என்ன

அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொண்ணோடயும் ஒண்ணைக் கூட்டிப் பெருக்கணும்: 3 × 2 × 2 = 12. ஏன் ஒண்ணைக் கூட்டணும்னா, ஒரு காரணியை உருவாக்க 3ஐ எடுக்காமலே விடலாம், ஒண்ணு எடுக்கலாம், ரெண்டு எடுக்கலாம், ஆக மூணு வழி. அந்த "எடுக்காமலே விடுறதை" மறந்துட்டு 2 × 1 × 1 = 2னு போடுறது வாரம் ஒருதடவை நடக்கும்.

பன்னெண்டும் இதுதான்: 1, 3, 9, 47, 141, 423, 1487, 4461, 13383, 69889, 209667, 629001.

கூட்டுத்தொகைக்கு ஒவ்வொண்ணா கூட்ட வேண்டாம். (1 + 3 + 9) × (1 + 47) × (1 + 1487) = 13 × 48 × 1488 = 9,28,512. இதுல நடுவுல உள்ள 3ஐ விட்டுட்டு 1 + 9னு போட்டுடாதீங்க. இந்த 9,28,512ல எண்ணையே கழிச்சா 2,99,511. எண்ணை விடக் கம்மி, அதனால இது குறை எண். எதிர்ப்பக்கம் பாக்கணும்னா குறளோட எண்ணிக்கை 1330ஐ எடுங்க: 2 × 5 × 7 × 19, கூட்டுத்தொகை 3 × 6 × 8 × 20 = 2880, 1330ஐக் கழிச்சா 1550, எண்ணை விட அதிகம், அது மிகை எண்.

629001 வரைக்கும் அதோட 1ஐத் தவிர வேற பொதுக்காரணி எதுவும் இல்லாத எண்கள் எத்தனைன்னு பரீட்சைல கேக்கலாம். 3² இருக்கிறதுக்கு 9 − 3 = 6, மத்ததுக்கு 46, 1486. பெருக்கினா 4,10,136. 9க்கு 8னு போடுறவங்க 9ஐப் பகா எண் மாதிரி நடத்துறாங்க.

9. வர்க்கமா? ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா?

வர்க்கம் இல்ல, 47க்கும் 1487க்கும் அடுக்கு ஒத்தைப்படை. ஆனா காரணி தெரியாம இருந்தா ஏமாந்துடுவீங்க. கடைசில 1, 9ஆல வகுபடுது, 4ஆல மீதி 1, எல்லாமே "வர்க்கமா இருக்கலாம்"னுதான் சொல்லும். அந்தப் பரீட்சை எல்லாம் இல்லன்னு சொல்லத்தான் உதவும், ஆமான்னு சொல்ல உதவாது. 793 × 793 = 628849, 794 × 794 = 630436, நம்ம எண் நடுவுல.

ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எழுத முடியுமா? 4ஆல மீதி 1ங்கிறதால முடியும்னு நினைப்பாங்க. பகா எண்ணுக்கு மட்டும்தான் அந்த விதி போதும். நம்மளோடது பகு எண், அதனால ஒவ்வொரு பகாக் காரணியையும் 4ஆல வகுத்துப் பாக்கணும். மீதி 3 வர்றது எல்லாம் ரெட்டைப்படை அடுக்குல இருக்கணும். 47க்கு மீதி 3, அடுக்கு 1. முடியாது. 1487க்கும் அதே கதை. மீதி 3 உள்ளது ரெண்டைப் பெருக்கினா மீதி 1 வந்துடும், ரெண்டு தப்பு சேந்து ஒரு சரி மாதிரி வேஷம் போடுது, அவ்வளவுதான்.

ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசமா ஆறு வழில எழுதலாம், பன்னெண்டு காரணியும் ஆறு ஜோடி. பக்கத்துப் பக்கத்துல உள்ள ஜோடி 423, 1487. நடு 955, பாதி வித்தியாசம் 532. 912025 − 283024 = 629001.

10. இரும வடிவம்

2ஆல இருபது தடவை வகுக்காதீங்க, கண்டிப்பா நடுவுல ஒண்ணு விட்டுப் போகும். 16ஆல வகுங்க. 39312 மீதி 9, 2457 மீதி 0, 153 மீதி 9, 9 மீதி 9, கடைசில 9. கீழ இருந்து மேல படிச்சா 9 9 9 0 9. ஒவ்வொண்ணையும் நாலு இலக்கமா எழுதுங்க: 1001 1001 1001 0000 1001. அந்த 0ஐ ஒத்தை 0னு எழுதினா எண்ணே மாறிடும், நாலு சைபர் வேணும். பின்கோடுக்குள்ள இப்படி ஒரு கோலம் ஒளிஞ்சு கெடக்கும்னு நான் நினைச்சே பாக்கல.

11. 12 இலக்கத்துக்கு நீட்டுறது

பின்கோடை ரெண்டு தடவை அடுத்தடுத்து எழுதுங்க: 629001629001. வாயால சொன்னா 62,900 கோடியே 16 லட்சத்து 29 ஆயிரத்து 1. போன் கால்குலேட்டர் பலதுல இது கோணல்மாணலா காட்டும். எக்செல்ல 12 இலக்கம் தாங்கும், 15க்கு மேல போனா கடைசி இலக்கத்தை எல்லாம் சைபர் ஆக்கிடும், அங்க மட்டும் உஷார்.

ரெண்டு தடவை எழுதினதால காரணியும் ரெண்டு ரெண்டு தடவை வரும்னு 3⁴ × 47² × 1487²னு எழுதிடாதீங்க. அது வர்க்கம் ஆயிடும். இங்க நடந்தது என்னன்னா, எண்ணை 10 லட்சத்தால பெருக்கி அதே எண்ணை ஒருதடவை கூட்டிருக்கோம், அதாவது 629001 × 1000001. அதனால புதுசா உடைக்க வேண்டியது 1000001 மட்டும்தான்.

1000001 = 100³ + 1. a³ + 1 = (a + 1)(a² − a + 1). a = 100 போட்டா 101 × 9901. 9901க்கு எல்லை 99, பட்டியல்ல 97 வரைக்கும் வகுத்துப் பாருங்க, எதுவும் வகுக்காது.

629001629001 = 3² × 47 × 101 × 1487 × 9901.

காரணிகள் 12 × 2 × 2 = 48. கூட்டுத்தொகை 928512 × 102 × 9902. இதுல 102 × 9902ஐ முதல்ல பெருக்குங்க, 1010004 வரும், அப்புறம் 928512ஐ அதால பெருக்குறது ரொம்ப லேசு: 937800834048. இடமிருந்து வலமா வரிசையாப் பெருக்கினவங்க யாரும் முதல் தடவையில சரியாக் கொண்டு வந்தது இல்ல. எண்ணைக் கழிச்சா 308799205047, இதுவும் குறை எண்தான்.

கையால முடிச்சப்புறம் சரிபார்க்க கம்ப்யூட்டரைத் தொடலாம். லினக்ஸ்ல ஃபேக்டர்னு ஒரு கமாண்ட் இருக்கு, எண்ணைக் குடுத்தா பகாக் காரணிகளைக் கொட்டும். முன்னாடியே தொட்டா தேர்வு ஹால்ல கை ஓடாது.

அடுத்தது தக்கலை, 629175. 3, 5, 5 வெளிய வந்ததும் மிச்சம் 8389, எல்லை 91. 7ல ஆரம்பிச்சு 89 வரைக்கும் போகணும், நடுவுல எழுந்திரிக்காதீங்க.